திரைக்கு வெளியே நீண்ட கை

ஒரு காலத்துல, ஏரியும் வாய்க்காலுமா கிடந்த நெல்லங்காட்டுச் சீமையை உலகுடையான்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. நல்லவருதான். ஆனா காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. ஒரு தடவை, அரண்மனைக் காக்காயெல்லாம் வரிசையா உட்காரணும்னு உத்தரவு போட்டுட்டாரு. காக்கா உட்காரல. உட்கார வைக்கப் போன சேவகனுக்குத்தான் மண்டையில கொத்து. அதுக்கு அவன் பொண்டாட்டி என்ன பண்ணினா தெரியுமா... சரி, அது கிடக்கட்டும்.

அந்த ராஜா, ஏரி கட்டவும் மதகு வைக்கவும் சொல்லிக் கொடுக்கிற கல்விச்சாலை ஒண்ணு வெச்சிருந்தாரு. உள்ளே உட்கார்ந்து படிக்கப் பத்துப் பலகை. பலகைக்கு ஒரு பிள்ளை. வருஷாவருஷம் பரீட்சையில ஒரு தப்புகூட இல்லாம தேறுற பிள்ளைங்க மட்டும் இருநூறு பேர். அதுல பத்துப் பேரைப் பொறுக்குற வேலை திருமேனிப் பண்டிதருக்கு.

எப்படிப் பொறுக்குவாரு? ஒரு திரை கட்டுவாரு. பிள்ளைங்க அந்தப் பக்கம் நின்னு கையை மட்டும் நீட்டணும். "முகம் பார்த்தா வேண்டியவன், வேண்டாதவன்னு வந்துடும். கை பொய் சொல்லாது"ம்பாரு. தொட்டுப் பார்த்து "ம்"னா உள்ளே, "ம்ஹூம்"னா வெளியே. வெளியே போறவங்ககிட்ட வாசல்காரன் ஒரே பாட்டைப் பாடுவான்: "உங்ககிட்ட குறை ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் வந்தவங்க எல்லாரும் ரொம்பக் கெட்டிக்காரங்க. போயிட்டு வாங்க."

ராஜாவுக்கு அதுல ஒரு பெருமை. "பக்கத்து நாட்டான் நூத்தைம்பது பேரைத்தான் திருப்பி அனுப்பினானாம். நாம?"

"நூத்துத் தொண்ணூறு மகாராஜா," பண்டிதர் மீசையைத் தடவினாரு.

"பலே! அழுகைச் சத்தம் அந்தப்புரம் வரைக்கும் கேட்டுச்சு. அதான் பெரிய கல்விச்சாலைக்கு அழகு."

அப்படி அழுதவங்கள்ல ஒருத்தி தவமணி. கீழக்குளத்துப் பொண்ணு. அந்த ஊரு ஏரி மழைக்கு மழை உடையும். போன மழையில அவங்க தெருவே போச்சு. கரை நிக்க வைக்கக் கத்துக்கணும்னு ரெண்டு வருஷமா தேறி, ரெண்டு வருஷமும் "ம்ஹூம்". இந்த வருஷத்தை விட்டா வயசு தாண்டிடும். நேரா இருளப்ப மந்திரி வீட்டுக்குப் போயிட்டா.

"ஐயா, என் கையில என்னங்க குறை?"

மந்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "மண்ணு வெட்டின கை. அவ்வளவுதான் எனக்குத் தெரியுது தாயி."

"உள்ளே போனவங்களைவிட நான் மட்டமா?"

"மட்டம் இல்ல. ஒசத்தின்னும் சொல்ல மாட்டேன். எல்லாருந்தான் ஒண்ணுபோல தேறியிருக்கீங்களே."

"அப்ப அவரு எதைப் பார்த்துத்தான் பொறுக்குறாரு?"

"அதைத்தான் பார்க்கணும். ராஜா பிறந்தநாள் விருந்து முடியட்டும். அதுவரைக்கும் ஊருக்குப் போயிடாதே."

விருந்துக்குப் பொறுப்பு மந்திரிதான். சமையலுக்கு அய்யாவு. அவரு பூசணிக்கா அல்வா கிண்டினா மூணு தெரு மணக்கும். அவரு மாமியாருக்கு மட்டும் அது ஆகாது, ஒரு தடவை அந்தம்மா அண்டாவோட தூக்கி... வேண்டாம், அதைச் சொன்னா சோறு ஆறிடும்.

சபையே வயித்தைக் காயப்போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு. பந்தியில பத்தே பத்து இலை.

"என்ன மந்திரியாரே, இலைக்குப் பஞ்சமா?" பண்டிதருக்குச் சந்தோஷம். மந்திரி பேச்சுக்கு ராஜா சிரிக்கிறது அவருக்கு ரொம்ப நாளா ஆகாது.

"பஞ்சம் இல்ல பண்டிதரே, பெருமை. நூறு பேரைப் பட்டினியா திருப்பி அனுப்பினாத்தானே பெரிய விருந்து? யாருக்கு இலைன்னு நீங்கதான் கை பார்த்துச் சொல்லணும். உங்களை விட்டா யாரு இருக்கா?"

பண்டிதர் இன்னும் ஒரு சுத்து பெருத்துப் போய் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாரு.

ராஜா மந்திரி காதுல குசுகுசுன்னாரு. "நானும் வரிசையில நிக்கிறேன்யா. அவர்கிட்ட சொல்லிடாதே. என் கையைக் கண்டுபிடிக்காம போயிடுவாரா?"

"மோதிரம், காப்பு எல்லாம் கழட்டணும் மகாராஜா. பிள்ளைங்களுக்கும் அதான் விதி."

கழட்டினாரு. யானைப்பாகன் நீட்டினான். "ம்! பிடிமானம் உள்ள கை." வண்ணான் நீட்டினான். "ம்! சுத்தமான கை." அடுத்து ராஜா நீட்டினாரு.

பண்டிதர் அமுக்கிப் பார்த்தாரு. மோந்து பார்த்தாரு. "பஞ்சு மாதிரி இருக்கு. உழைப்பும் இல்ல, புத்தியும் இல்ல. இது சும்மா உட்கார்ந்து தின்னே வளர்ந்த கை. ம்ஹூம்!"

வாசல்காரன் பழக்க தோஷத்துல ராஜாவைப் பார்த்தே பாடினான். "உங்ககிட்ட குறை ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் வந்தவங்க எல்லாரும் ரொம்பக் கெட்டிக்காரங்க. போயிட்டு வாங்க."

ராஜா இழுத்த இழுப்புல திரை கிழிஞ்சு விழுந்துச்சு. "யோவ் பண்டிதரே! இது யாரு கைன்னு தெரியுதா?"

"மகாராஜா... வெளிச்சம் கொஞ்சம் கம்மி..."

"நான் காலையிலேருந்து பட்டினிய்யா! மந்திரி, உள்ளே சோறு இருக்கா இல்லையா?"

"அண்டா அண்டாவா இருக்கு மகாராஜா."

"இலை?"

"தோட்டம் பூரா வாழை நிக்குது. பத்துதான் நறுக்கினேன்."

"ஏன் பத்து?"

"கல்விச்சாலையில ஏன் பத்துப் பலகை?"

ராஜா பண்டிதரைப் பார்த்தாரு. பண்டிதர் காலி இலையைப் பார்த்தாரு.

"உங்க தாத்தா காலத்துல ஆசாரிகிட்ட அவ்வளவுதான் மரம் இருந்துச்சாம்," மந்திரி சொன்னாரு.

ராஜா கழட்டின மோதிரத்தை எடுத்து விரல்ல மாட்டிக்கிட்டாரு. அப்புறம், "இலையை நறுக்கு. பலகையையும் அறு. எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்?"

"நூறு பேருக்கு முடியும் மகாராஜா. இந்த வருஷம் தேறினவங்க, உள்ளே போன பத்துப் பேரையும் சேர்த்து இருநூறு பேர். ஓலையில பேரெழுதிக் குடத்துல போட்டுக் குலுக்குவோம். வராதவங்ககிட்ட ஓலை வரலைன்னு சொல்லுவோம். கை சரியில்லைன்னு சொல்ல வேண்டாம்."

ராஜா தன் முத்துமாலையைக் கழட்டி மந்திரி கழுத்துல போட்டாரு. பண்டிதர் கையில அரிவாளைக் கொடுத்தாரு, இலை நறுக்க. அன்னிக்குச் சாயங்காலமே அவரு உள்ளங்கையில கொப்புளம். உழைச்ச கைன்னா என்னன்னு அப்பத்தான் தொட்டுப் பார்த்துக்கிட்டாரு.

குடத்தைக் குலுக்கினாங்க. தவமணி ஓலை வந்துச்சு. மந்திரியோட சொந்தப் பேரன் ஓலையும் குடத்துல இருந்துச்சு, அது வரல. பையன் கண்ணைக் கசக்கிட்டு வந்தான்.

"தாத்தா, நான் மட்டமா?"

"ஓலை வரலடா. அவ்வளவுதான். வா, சாப்பிடலாம்."

தவமணி படிச்சு முடிச்சு ஊருக்குப் போய் கரை போட்டா. அதுக்கப்புறம் எத்தனையோ மழை பார்த்துடுச்சு, கீழக்குளத்து ஏரி உடையல. ராஜாவும் பழையபடி தினம் பந்தியில முதல் ஆளா உட்கார்றாரு. பருப்பு, ரசம், பாயசம், எதுவா இருந்தாலும் சரி, மோதிரத்தைக் கழட்டுறதே இல்ல.