குப்பை பிறக்கும் இடம்

மேலச்சுனைப் பேரூராட்சியில் எல்லாம் இருந்தது. தலைவி இருந்தாள், உறுப்பினர்கள் இருந்தார்கள், சுடச்சுடத் தீர்மானங்கள் இருந்தன. யோசனை ஒன்றுதான் கோடைக்காலத்துச் சுனை மாதிரி. இருக்கும் என்று நம்பிக் குடத்தோடு போனால் இராது.

ஒரு நாள் மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்தார். குப்பையைப் பிரிக்க ஒரு கொட்டகை கட்டவேண்டும், ஈரக் குப்பைக்குப் பச்சை அறை, காய்ந்த குப்பைக்கு நீல அறை என்று விளக்கினார்.

"கொட்டகை மட்டும் போதாதும்மா. குப்பை எங்க உருவாகுதோ அங்கயே பிரிச்சுடணும். அடுத்த மாசம் வந்து பார்ப்பேன். சரியா நடக்கலைன்னா உங்க ஊரைக் கீழச்சுனையோட சேர்த்துடுவோம்."

கீழச்சுனை என்றதுமே தலைவி பவளக்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கீழச்சுனை அவள் பிறந்த ஊர். இப்போது அங்கே தலைவி, அவளுடைய அண்ணி செண்பகம். கல்யாணமாகிப் புறப்பட்ட அன்று, வண்டியில் ஏறும்போது அண்ணி காதோடு சொல்லியிருந்தாள்: "போயிட்டு வா. என்னிக்கிருந்தாலும் எங்கிட்டதான் வந்து நிப்பே." அந்தச் சொல் இத்தனை வருஷமாக உள்ளங்காலில் முறிந்த முள்போல் இருந்தது. நடக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

கொட்டகை எழும்பியது. அழகாகவே எழும்பியது. பிறகு கூட்டம் போட்டார்கள்.

"குப்பை எங்க உருவாகுது?" என்று பவளக்கொடி கேட்டாள்.

"வீட்டுலதான்," என்றார் உறுப்பினர் கோயில்பிச்சை.

மூத்த உறுப்பினர் மாசிலாமணி கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் திறக்கிறவரை யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

"வாழைப்பழத் தோல் உங்க வீட்டுலயா உருவாச்சு?"

"இல்லை அண்ணாச்சி. பழத்தோட வந்தது."

"பழம்?"

"கடையில வாங்கினது."

"கடையிலயா காய்ச்சுது?"

கோயில்பிச்சை தலையைக் குனிந்துகொண்டார். "மரத்துல."

"அப்போ எங்க பிரிக்கணும்?"

மறுநாள் விடிந்ததும் ஊரே ஏணியோடு வாழைத்தோப்புக்குப் போனது. தாரை வெட்டாமல், மரத்தில் தொங்கும்போதே ஒவ்வொரு பழமாக உரித்தார்கள். காக்கைகளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கொஞ்ச நேரம் எட்டவே உட்கார்ந்திருந்தன. அப்புறம் வெளியூர்ச் சொந்தங்களையும் அழைத்து வந்தன. உரித்த தோலை ஆடுகள் பார்த்துக்கொண்டன.

அடுத்தது வெங்காயம். வயலில் பிடுங்கிய கையோடு, வரப்பிலேயே உட்கார்ந்து உரித்தார்கள். ஆணும் பெண்ணுமாக ஊரே அழுவதைப் பார்த்து, அந்த வழியாக வந்த பஸ் நின்றது. பயணிகள் இறங்கிவந்து, போனது யார் என்று கேட்டார்கள். "சின்ன வெங்காயம்," என்று விம்மினார் கோயில்பிச்சை. நல்ல மனுஷராக இருந்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்கள்.

முட்டை ஓட்டுக்குக் கோயில்பிச்சையே பொறுப்பேற்றார். சூடான தோசைக்கல்லோடு கோழிக்குப் பின்னால் பகலெல்லாம் குந்தியிருந்தார். கோழிக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் தெருக் கோழிகள் எல்லாமே முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

மாதம் முடியப்போனது. கொட்டகையில் ஒரு துரும்புகூட விழவில்லை. பவளக்கொடி பெருமையோடு பூட்டைத் திறந்து பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது.

"அண்ணாச்சி, அதிகாரி வந்து எதைப் பார்ப்பாரு?"

மாசிலாமணி கண்ணை மூடித் திறந்தார். "நம்மகிட்ட இல்லாததை, இருக்கிறவங்ககிட்டதான் கேட்டு வாங்கணும்."

இருக்கிறவர்கள் என்றால் கீழச்சுனைதான். பவளக்கொடி அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வா, வா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் செண்பகம். "என்ன வேணும்?"

"கொஞ்சம் குப்பை வேணும் அண்ணி. இரவலாத்தான்."

செண்பகம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நகை கேட்டு வருவேன்னு பயந்துகிட்டிருந்தேன். எவ்வளவு வேணாலும் அள்ளிக்கோ."

"நல்லதாப் பார்த்துக் குடுங்க. பெரிய இடத்துலேர்ந்து வர்றாங்க. ரெண்டு நாள்ல பத்திரமாத் திருப்பிடுவோம்."

"அடியம்மா, திருப்பல்லாம் வேண்டாம்," என்றாள் அண்ணி அவசரமாக.

அதிகாரி வந்தார். இரண்டு அறையிலும் குப்பை மேடு மேடாகக் குவிந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே. நல்லாப் பிரிச்சிருக்கீங்க."

பவளக்கொடிக்குப் பொய் வராது. "இது எங்க அண்ணி ஊர்க் குப்பைங்க. இரவல்."

"உங்க ஊர்க் குப்பை?"

"உருவாகிற இடத்துலயே பிரிச்சுட்டோமுங்க."

தோப்புக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். அன்று காலையில் உரித்ததில் மிச்சமிருந்த பழங்கள் மரத்தில் வெள்ளைவெளேரென்று, குளிரில் சட்டையில்லாமல் நிற்கும் பிள்ளைகளைப்போல் தொங்கின. கோயில்பிச்சை மரியாதையாக ஏணியைச் சாத்தி, "ஒரு பழம் சாப்பிடுங்க ஐயா," என்றார்.

அதிகாரி ஏணியைப் பார்த்தார், காக்கைகளைப் பார்த்தார்.

"ஐயா," பவளக்கொடி முன்னால் வந்தாள். "எங்களைக் கீழச்சுனையோட சேர்த்துடுவீங்களா?"

"சேர்க்கவா?" என்றார் அவர் மெல்ல. "உங்களை யார்கூடயும் கலக்கக்கூடாதும்மா. தனியாத்தான் வைக்கணும்."

பவளக்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்காயம் இல்லாமல் அந்த மாதத்தில் வந்த முதல் கண்ணீர். அதிகாரி ஜீப்பில் ஏறி, கிளம்பச் சொல்லி டிரைவரின் தோளைத் தட்டினார். மாசிலாமணி பின்னாலேயே ஓடினார்.

"ஐயா, தனியா வைக்கணும்னு சொல்லிட்டீங்க. பச்சை அறையிலயா, நீல அறையிலயா?"

ஜீப் நிற்கவில்லை. ஆகவே அன்று சாயங்காலம் கூட்டம் போட்டு அவர்களே முடிவு செய்தார்கள். இரவல் குப்பையைத் திருப்பிக் கொடுத்து, கொட்டகையைக் கழுவிவிட்டார்கள். மறுநாள் காலையில் மேலச்சுனை முழுவதும் அங்கே வந்து சேர்ந்தது. குளித்துவிட்டு வந்தவர்கள் பச்சை அறையில் நின்றார்கள், குளிக்காதவர்கள் நீல அறையில் நின்றார்கள்.

பவளக்கொடி மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். உடம்பு காய்ந்துவிட்டது, தலைமுடி இன்னும் காயவில்லை.