எல்லைக்கோட்டைக்கு ஏற்ற ஆள்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், முன்னொரு காலம். ஒரு ராஜா இருந்தார். பதவி கொடுத்து அனுப்பினாலொழிய அரண்மனை உத்தியோகஸ்தர் யாரும் தலைநகரை விட்டுப் போகக் கூடாது என்பது அவருடைய பாட்டனார் போட்ட சட்டம். மீறினால் ராஜத்துரோகி, குடும்பத்துக்கே தண்டனை.

அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவர் அம்பலவாணர். சபையில் விகடகவி கூத்தப்பனுக்குப் பக்கத்து ஆசனம் அவருடையது. காசநோய் முற்றி, வைத்தியரும் கையை விரித்துவிட்டார். எல்லைக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட மகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. கூத்தப்பன் அவருக்காக எத்தனையோ முறை கெஞ்சினான். "ஒருவரை விட்டால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்" என்று தளவாய் ராஜாவின் காதைக் கடித்தார். கூத்தப்பனுக்கு விகடம் வருவதே நின்றுபோனது.

இந்த நேரம் பார்த்து எல்லைக்கோட்டை அதிகாரி கஜானாவோடு ஓடிப்போனான். அவனுக்கு முன்னிருந்தவன் லஞ்சம் வாங்கிக் கழுவேறினான். அதற்கும் முன்னவன் தானே ராஜா என்று கொடியேற்றினான். ராஜாவுக்கு மனிதர்கள் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

"லஞ்சம் வாங்காதவன், ஓடிப்போகாதவன், என் சிம்மாசனத்தின் மேல் கண் வைக்காதவன். அப்படி ஒருவன் என் ராஜ்யத்தில் உண்டா?" என்றார்.

"கூத்தப்பனைக் கேளுங்கள், மகாராஜா. சொல்லத் தெரியாவிட்டால் அவனுக்கு எதற்குச் சபையில் இடம்?" என்றார் தளவாய்.

கூத்தப்பன் எழுந்தான். "இருக்கிறார், மகாராஜா. நம் அம்பலவாணர்."

சபை சிரித்தது. "எழுந்து உட்கார முடியாதவரையா சிபாரிசு செய்கிறாய்?" என்றார் தளவாய்.

"அதனால்தான் ஐயா. கஞ்சியே தொண்டையில் இறங்கவில்லை, லஞ்சத்தை எப்படி விழுங்குவார்? கட்டிலை விட்டு இறங்கவே ஆள் வேண்டும், எங்கே ஓடுவார்? நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர் சிம்மாசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மகாராஜா கேட்ட மூன்றும் உள்ள ஆரோக்கியமான மனிதர் ஒருவரைத் தாங்கள் காட்டுங்கள். நான் உட்கார்ந்துகொள்கிறேன்."

தளவாய் சபையைச் சுற்றிப் பார்த்தார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கே பல்லக்கு வந்தது.

"என்னால் எதை அப்பா ஆள முடியும்?" என்றார் அம்பலவாணர், இருமலுக்கு நடுவே.

"ஒன்றையும் ஆள வேண்டாம் அண்ணா. மகளைப் பாருங்கள்."

பார்த்தார். அவள் மடியில் தலைவைத்த அன்றே உயிர் பிரிந்தது. செய்தி முதலில் கூத்தப்பனுக்குத்தான் வந்தது.

மறுநாள் சபையில் ராஜா கேட்டார்: "உன் அதிகாரி எப்படி?"

"ஒரு குறையும் இல்லை, மகாராஜா. இனி அவர் லஞ்சம் வாங்க மாட்டார். ஓட மாட்டார். சிம்மாசனம் கேட்க மாட்டார். இனி எப்போதுமே."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். கூத்தப்பன் கும்பிட்டுவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தான். பக்கத்து ஆசனம் காலியாக இருந்தது. கருமாதிக்குக்கூட அவனால் போக முடியாது. அவனும் தலைநகரை விட்டுப் போகக் கூடாத உத்தியோகஸ்தன்தான்.