இடப்பக்கத்து இருக்கை

நஞ்சப்பனாருக்குக் கிடைத்த அவகாசம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம். எட்டு நாள். அதற்குள் ஒரு பழைய காரின் பின்னிருக்கையில் எலி கடித்த இடம், கடிபடாத இடம்போல ஆகவேண்டும்.

அமராவதிக் கரையில் கொழுமேடு என்னும் சிற்றூரில் வண்டிகளுக்கு இருக்கை தைப்பது அவர் தொழில். விடிந்ததும் கொட்டகை வாசலில் ஒரு பழைய கருஞ்சிவப்புத் தோல்துண்டை விரித்து அமர்வார். அங்கிருந்து சோமேசர் கோயிலின் கலசம் மட்டும் தெரியும். வெயில் ஏறும்வரை அதைப் பார்த்துப் பாடுவார். பிறகு குத்தூசியை எடுப்பார். ஒரு தையலுக்கு ஒருமுறை சிவநாமம். கோயிலுக்குள் அவர் போய் இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. கடைசியாகக் கொடிமரத்தருகே நின்றபோது, “தோல் வாடை அடிக்குது” என்று ஒருவர் மூக்கைப் பொத்தினார். பக்கத்தில் நின்றவர்களும் பொத்தினார்கள். அன்றிலிருந்து அந்தக் கலசமே அவருக்குக் கருவறை.

ஆனி உத்திரத்தன்று சோமேசரின் சிறிய உற்சவ மூர்த்தி ஆற்றுக்குத் தீர்த்தமாடப் போவார். பல்லக்குத் தூக்க ஆள் இல்லாமல் போனபின், தர்மகர்த்தா ராக்கியண்ணனின் ஐம்பத்தாறாம் வருடத்துச் சீமைக் காரில் போகிறார். தோலிருக்கையின்மேல் வெண்பட்டு விரித்தால் தோஷமில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். தோலுக்குத் தீட்டில்லை, தைப்பவருக்குத்தான் இருந்தது.

காரைக் கொண்டுவந்த ராக்கியண்ணன் கொட்டகைக்கு வெளியிலேயே நின்று பேசினார்.

“எங்கப்பாரு உக்காந்த சீட்டு இது. ஒட்டுப் போட்டது கண்ணுக்குத் தெரிஞ்சுதோ, ஷெட்டக் காலி பண்ணிப்போட்டுப் போயிரோணும். எடம் கோயில் எடம், தெரியுமல்ல?”

“தெரியுமுங்க.”

கொட்டகை போனால் கலசமும் போகும். நஞ்சப்பனார் ஈரோட்டிலிருந்து மூன்று வகைத் தோல் வரவழைத்தார். சாயம் கலந்து பார்த்தார். கருஞ்சிவப்பு வந்தது. ஆனால் பழைய இருக்கையின் வெளிறல் வரவில்லை. மயிரிழை போன்ற வெடிப்புகள் வரவில்லை. புதுத் தோலுக்குச் சாயத்தை ஏற்றலாம், வெயிலை ஏற்ற முடியாது. ஐந்தாம் நாள் பிற்பகல் அவர் வெகுநேரம் கலசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வெறும் சிமெண்டுத் தரையில் அமர்ந்து பாடினார். டீக்கடையில் நின்றவர்களுக்குச் சிரிப்பு.

“என்றா, தோலுச் சாமியாரு தரைக்கு வந்துட்டாரு!”

“ஆமா, அடுத்தது தரைக்கு அடியிலதான்!”

அவர் பாட்டை நிறுத்தவில்லை. பழைய தையல் ஓட்டைகளிலேயே ஊசி புகவேண்டும்; புது ஓட்டை ஒன்று விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாள் குனிந்தே தைத்தார்.

கெடு முடிந்தது. ராக்கியண்ணன் கார்க் கதவைத் திறந்து பார்த்தார். விரலால் தேய்த்தார். டார்ச் அடித்தார். ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் கறுத்தது.

“புதுத் தோலு இப்படி இருக்காது. எவன் கார்ல அறுத்துட்டு வந்தே?”

“அறுக்கலீங்க.”

“அப்ப எங்கிருந்து வந்துச்சு?”

நஞ்சப்பனார் வாய் திறக்கவில்லை. சொன்னால் இருக்கையைப் பிய்த்தெறிவார்கள், சுவாமி அந்த வருடம் ஆற்றுக்குப் போகமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

“பாரு, வாயே தொறக்கல. திருட்டுத் தோலேதான். நாளைக்கு உத்திரமாப் போச்சு, இல்லாட்டி இப்பவே கிழிச்சுப்போடுவேன். தீர்த்தம் ஆடி முடியட்டும். சாயங்காலம் ஷெட்டுச் சாவி என்ற கைக்கு வந்தரோணும்.”

உச்சிப்பொழுதுக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவியது. டெம்போக்காரர் ஒருவர் பாதி தைத்த தம் இருக்கையை வந்து தூக்கிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் துப்பினார். நஞ்சப்பனார் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, நாமம் சொல்லத் தொடங்கினார்.

உத்திரத்தன்று கார் கொட்டகையைக் கடந்தபோது அவர் வாசலில் கைகூப்பி நின்றார். கண்ணாடி வழியே சுவாமியின் மாலை மட்டும் தெரிந்தது. அவருக்கு அது போதுமாயிருந்தது. காருக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. இருக்கையின் நடுவில் வைத்த மூர்த்தி பாலம் வருவதற்குள் இடப்பக்கம் நகர்ந்திருந்தார். அந்தச் சாலை வலப்பக்கம் சரிவானது. நகரும் பொருள் வலப்பக்கம்தான் போகவேண்டும். சுவாமியோடு காரில் வந்த சபேச குருக்கள் மீண்டும் நடுவில் வைத்தார். மூர்த்தி மீண்டும் இடப்பக்கம் போனார்.

மாலையில் ராக்கியண்ணன் பூட்டோடு வந்தார். பின்னாலேயே ஈர வேட்டியுடன் குருக்கள் வந்தார். நஞ்சப்பனார் சாவியை ஏற்கெனவே வாசற்படியில் வைத்திருந்தார். ஊசிகளைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்திருந்தார்.

குருக்கள் குனிந்து சாவியை எடுத்தார். அதை நஞ்சப்பனாரின் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தார். கை பட்டது. குருக்கள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“மூணு தரம் நடுவுல வெச்சேன். மூணு தரமும் எடப்பக்கம் போயிட்டார். திரும்பி வரச்சே நான் தொடவே இல்லே. எலி கடிச்ச எடத்துலயே உக்காந்துண்டு வந்தார். அங்க என்ன வெச்சுத் தெச்சேள்?”

“அதுதான் திருட்டுத் தோலுன்னு சொல்றனுங்களே, சாமி!” என்றார் ராக்கியண்ணன்.

“உம்மைக் கேக்கலே.”

சுவாமி தீர்த்தமாடித் திரும்பிவிட்டார். இனி மறைத்துக் காக்க ஒன்றும் இல்லை. நஞ்சப்பனார் தாம் பாடும் இடத்தை, அந்த வெறுந்தரையைப் பார்த்தார். இறைவன் நாடி வந்து அமரும்படி வாழ்ந்தும், அதைச் சொல்லக் கூசி நின்ற அந்த எளியவரை வணங்குவோம். அவர் தலை நிமிராமலே சொன்னார்:

“அது நான் உக்காந்து கும்பிட்ட தோலுங்க, சாமி.”