கிழக்கெல்லை

மருதையனுக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் ஞானத்தில் ஆசை வந்தது. குருவோ அவருடைய மகன் வயதுக்காரர். நாணல்நாட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் இல்லை.

ஆனால் எழுத்து என்றால் மருதையன்தான். நாட்டின் வரலாற்றைக் கோயில் சுவரில் வெட்ட முடிவு செய்த சபை, வாசகம் எழுதும் வேலையை அவரிடமே கொடுத்தது. மனிதர் சுற்றாத இடமில்லை. மேற்கே வரகு விளையும் செம்மண் மேடு, வடக்கே வெற்றிலைக் கொடிக்கால், பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்காக ஊரே கூடி வெட்டிய ஏரி. எழுத எழுத அவருக்கே கண் கலங்கியது. இப்படியும் ஒரு சீமையா!

கிழக்கெல்லைக்கு வந்ததும் எழுத்தாணி நின்றுவிட்டது.

"என்ன ஐயா, முகம் வாடிக்கிடக்கிறது?" என்றார் குரு.

"சாமி, கிழக்கெல்லை ஆறு. போன வெள்ளத்தில் அந்த ஆறே இடம் மாறிவிட்டது. என் படுகை நிலம் இப்போது அக்கரையில் கிடக்கிறது. இப்போது ஓடுவதுதான் எல்லை என்று எழுதினால் நிலத்தை நானே தாரைவார்த்த மாதிரி. முன்பு ஓடிய இடம் என்று எழுதினால் அக்கரையோடு வெட்டுக்குத்து. எதை எழுதட்டும்?"

"அக்கரைக்குப் போய்ப் பார்த்தீரா?"

"எதற்கு? சாயங்காலமானால் என் நிலத்தில் நின்று பெண்கள் குலவை போடுகிறார்கள். வயிறு எரிகிறது."

குரு பரிசலை அவிழ்த்தார்.

அக்கரையில் வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவிலிருந்து மாரக்காள் என்பவள் ஓடிவந்தாள்.

"மருதையரா? அப்பாடா, வந்தீங்களே!" ஒரு கூடையை நீட்டினாள். "ஆறு குடுத்த மண்ணுல மொதக் காய், மண்ணைப் பறிகொடுத்தவங்களுக்குத்தான். அதான் குலவை போட்டுக் கூப்புட்டோம். நீங்க வாங்காம எம் புள்ளைங்க ஒரு பிஞ்சைக்கூட வாயில வைக்கல."

"வீட்டுக்கே கொண்டுவந்திருக்கலாமே?"

"வாசல்ல வந்து குடுத்தா பிச்சை போட்ட மாதிரி ஆயிடாதா? எங்க பாட்டன் காலத்துல ஆறு உங்க பக்கம் மண்ணைத் தள்ளுச்சு. அப்ப உங்க சனம் கூப்புட்டுச்சு, எங்க சனம் வந்து வாங்கிக்கிச்சு. வாங்குனா மனசுல குறை இல்லைன்னு அர்த்தம். வாங்காட்டி நாங்க இதுல இனி வெதைக்க மாட்டோம், ஐயா. உங்க இஷ்டம்."

மருதையனை வெட்கம் பிடுங்கித் தின்றது. நாட்டு வரலாறு எழுத வந்தவருக்கு இது தெரியவில்லை. ஆனாலும், இப்படிப்பட்ட மனிதர்கள் பக்கத்தில் பிறந்திருக்கிறோமே என்ற பூரிப்புதான் அதைவிடப் பெரிதாக இருந்தது. நிலத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். ஒரு காயை எடுத்துக் கடித்தார். கூடையில் இருந்த மீதிக் காய்களை அவள் பிள்ளைகளிடம் நீட்டினார்.

பரிசல் திரும்பியது.

"சாமி, கிழக்கெல்லை என்று இப்போது எதை எழுதுவது?"

"இத்தனை நாளும் அவர்கள் கூப்பிட்டது உம் காதோடு நின்றுபோனது. எல்லை அங்கேதான் இருந்தது, ஐயா. இப்போது எங்கே இருக்கிறது?"