கடல் திருடிய நாற்பது கோல்

முன்னொரு காலத்தில், கடலைத் தவிர எல்லோரும் ஒரு ராஜாவுக்கு அடங்கி நடந்தார்கள். கடலும் அடங்கும் என்றுதான் ராஜா நம்பினார். காளி கோயிலிலிருந்து கடல் நூறு கோல் தூரம் என்று பங்குனியில் அளந்து, செப்புத் தகட்டில் வெட்டி வைத்திருந்தார் அளவுக்காரர் திருமேனிநாதர்.

மார்கழியில் ராஜாவுக்கு அந்த நூறு கோலையும் நடந்து பார்க்க ஆசை வந்தது. அறுபதாவது கோலிலேயே பட்டுச் செருப்பு நனைந்துவிட்டது.

"என் நாற்பது கோல் மணல் எங்கே?"

"என் தகடு பொய் சொல்லாது, மகாராஜா. மீனவக் குப்பத்தார்தான் வெட்டி விற்றிருக்க வேண்டும்" என்றார் திருமேனிநாதர்.

குப்பத்துக் காத்தாயி பதறிப்போனாள். "மழைக்காலத்துல கடலு அரிச்சுக்கும் சாமி. பங்குனியில பாதிய கொண்டாந்து போட்டுடும்."

யார் கேட்டார்கள்? மூன்று நாளில் குப்பத்தைக் காலி செய்யும்படி ஆணை பிறந்தது. பாவம், எழுபது குடிசைகள்.

அரசவை விகடக்காரர் மாசிலாமணி முன்னே வந்தார். "திருடனை நாளைக்கே பிடித்துத் தருகிறேன், மகாராஜா."

அவரைக் கண்டாலே திருமேனிநாதருக்கு வயிறு எரியும். "பிடிக்காவிட்டால் இவரும் குப்பத்தாரோடு நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார். ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

மறுநாள் காலை எல்லோரும் கடற்கரையில் கூடினார்கள். எல்லை வழக்கு என்றால், எல்லை சொன்னவர் தகட்டைத் தலையில் சுமந்துபோய் அந்த எல்லையில் நின்று திருடன் பெயரைச் சொல்ல வேண்டும். அது அந்த நாட்டு முறை.

"நூறாவது கோலில் போய் நில்லுங்கள், ஐயா" என்றார் மாசிலாமணி.

தகடு நல்ல கனம். அறுபத்தைந்தில் கணுக்கால் நனைந்தது. எழுபத்தைந்தில் இடுப்பு.

"தண்ணீர் வருகிறதே!"

"தகட்டின்படி அது மணல்தான். தாராளமாக நடங்கள்."

எண்பத்தெட்டில் ஓர் அலை வந்து வாய்க்குள் புகுந்தது. அலறினார் மனிதர். "இதற்குமேல் போனால் செத்துப்போவேன்! மணல் எல்லாம் இந்தக் கடலுக்கு அடியில்தான் இருக்கிறது! கடல்தான் தின்றுவிட்டது!"

"மகாராஜா, திருடன் பெயரைப் புகார் சொன்னவரே சொல்லிவிட்டார்" என்று வணங்கினார் மாசிலாமணி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, குப்பத்தைக் காலி செய்யும் ஆணையை ரத்து செய்தார். குப்பத்து ஆட்கள் கயிறு வீசி அளவுக்காரரைக் கரைக்கு இழுத்தார்கள். காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வோர் அமாவாசைக்கும் கரையை அளந்து புது எல்லைக் கம்பு நடும் வேலை திருமேனிநாதர் தலையில் விழுந்தது.

"மாசிலாமணி, காணாமல் போன நாற்பது கோல் நிலமும் உமக்கே பரிசு!" என்றார் ராஜா. கூட்டமே சிரித்தது.

மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை. "பெருங்கொடை, மகாராஜா. என் நிலத்தில் இருப்பதெல்லாம் எனக்குத்தானே?"

"சந்தேகம் என்ன?"

"அப்படியானால் அதைக் குப்பத்துக்குக் கொடுக்கிறேன். கடல் மீனில் ஆறில் ஒரு பங்கு அரண்மனைக்கு. ஆனால் இது நிலமாயிற்றே! இங்கே விழும் வலையில் யாரும் பங்கு கேட்கக் கூடாது."

ராஜா முன்னைவிடப் பலமாகச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார்.

அன்று குப்பத்து வலைகள் எல்லாம் அந்த நாற்பது கோலில்தான் விழுந்தன. மதியம் அரண்மனையில் நெத்திலி வறுவல் இல்லை.