தாயப் பலகையும் மூன்றெழுத்து வசவும்

தும்பைக்கோட்டை அரண்மனையில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தாயப் பலகை விரிந்துவிடும். ராஜா கனகசேனர் முதல் குதிரைக்குக் கொள்ளு வைப்பவன் வரை எல்லாருக்கும் அங்கே இடமுண்டு. ஆட்டம் சூடேறினால் வாயும் சூடேறும். காய் பழுக்க இன்னும் ஒரே கட்டம் என்று இருக்கும்போது வெட்டுப்பட்டால், எந்த மனுஷன் "சிவ சிவா" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பான்? கூரையிலிருக்கும் புறாக்கள் கிளம்பிப் பறக்கிற மாதிரி ஒரு வார்த்தை வரும்.

ஒருநாள் பக்கத்து நாட்டு மடாதிபதி வந்திருந்தார். நாலு வயது இளவரசி அவர் தாடியைப் பிடித்து இழுத்து, கலகலவென்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். மூன்றே எழுத்து. என்னவென்று கேட்காதீர்கள், நான் எழுத மாட்டேன். மடாதிபதியின் கையிலிருந்த கமண்டலம் கீழே விழுந்துவிட்டது.

"இதை யாரடி உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்றாள் ராணி.

"அப்பா தாயம் ஆடும்போது சொன்னாரே!" என்றாள் குழந்தை.

அன்று முழுக்க ராணி ராஜாவோடு பேசவில்லை. ராஜா மந்திரி அகோரமூர்த்தியைக் கூப்பிட்டார். "உடனே ஒரு சட்டம் எழுதும். இனிமேல் இந்த அரண்மனையில் வசவு காதில் விழக்கூடாது."

மந்திரிக்கு மனசுக்குள் ஒரே குஷி. சபையில் சடைக்கன் என்று ஒருவன் இருந்தான். ராஜாவுக்கு அவன் பேச்சென்றால் உயிர். மந்திரி வாயைத் திறந்தால் போதும், பத்துப் பேர் முன்னால் அவரைக் கேலி செய்துவிடுவான். ஆனால் தாயத்தில் தோற்றால் மட்டும் அவனுக்கு நாக்கு நிற்காது. அவன் எந்தச் சாக்கும் சொல்லித் தப்பிவிடக் கூடாதென்று மந்திரி பார்த்துப் பார்த்து எழுதினார்: 'அரண்மனைக்குள் வசவு சொல்பவர் எவராயிருந்தாலும், எக்காரணமாயிருந்தாலும், அன்றைக்கே நாடு கடத்தப்படுவார்.'

மூன்றாம் நாள் ஆட்டத்தில் சடைக்கனின் கடைசிக் காய் பழுக்க ஒரே கட்டம் பாக்கி. எதிரே உட்கார்ந்திருந்த மந்திரி சோழிகளைக் குலுக்கிப் போட்டார். வெட்டு! சடைக்கன் உதட்டைக் கடித்தான். பல்லைக் கடித்தான். துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். துண்டையும் தள்ளிக்கொண்டு அந்த மூன்றெழுத்து வெளியே குதித்துவிட்டது.

"மாட்டினான்!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார் மந்திரி.

சபை கூடியது. ராஜாவின் முகத்தில் களையே இல்லை. சடைக்கனை அனுப்ப மனசு வரவில்லை. விட்டுவிடலாமென்றால், திரைக்குப் பின்னால் ராணி உட்கார்ந்திருக்கிறாள்.

"இவன் வசவு சொன்னான், பிரபு! என் காதாலேயே கேட்டேன்" என்றார் மந்திரி.

சடைக்கன் கும்பிட்டான். "பிரபு, நான் சொன்னது வசவுதானா என்று சபைக்குத் தெரிய வேண்டாமா? என்ன சொன்னேன் என்று மந்திரியே சொல்லட்டும்."

"சீச்சீ! அதைப் போய்ச் சபையில் எப்படிச் சொல்வது?"

"சொல்லாவிட்டால் வழக்கு ஏது?"

"அவன் கேட்பது நியாயம்தான். சொல்லும்" என்றார் ராஜா.

மந்திரி தாடிக்குள்ளேயே முணுமுணுத்தார். வழக்கை ஓலையில் எழுதும் குழந்தைவேலுவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன ஐயா? ஒன்றும் விழவில்லையே!"

மந்திரி பொறுமையிழந்து, சபை அதிரும்படி அதைச் சொன்னார்.

"அதில் வருவது சின்ன ரவா, பெரிய றவா?"

"பெரிய ற ஐயா, பெரிய ற!"

குழந்தைவேலு எழுதி முடித்தார். எழுதியதை வாசித்துக் காட்டுவது வழக்கமாயிற்றே! ஓலையைத் தூக்கிப் பிடித்துக் கணீரென்று வாசித்தார்.

ராஜாவின் புருவம் உயர்ந்தது. "அட, இதுதானா? நான் வேறு என்னவோ என்றல்லவா பயந்துபோனேன்!" என்றவர், வாய்தவறி அந்த வார்த்தையைத் தாமும் ஒருமுறை சொல்லிவிட்டார்.

திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது.

சடைக்கன் பணிவாகக் கேட்டான். "வண்டி பூட்டச் சொல்லட்டுமா, பிரபு?"

"எதற்கடா வண்டி?"

"எவராயிருந்தாலும், எக்காரணமாயிருந்தாலும் என்றுதானே மந்திரி எழுதியிருக்கிறார்? நான், அவர், குழந்தைவேலு ஐயா, தாங்கள். தாயம் ஆடச் சரியாக நாலு பேர்! பலகையையும் எடுத்துக்கொள்வோம். எல்லை தாண்டினால் ஒரு புளியமரம் இருக்கிறது. நல்ல நிழல்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. மந்திரி மட்டும் தாம் எழுதிய சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரித்தது போதும்" என்றாள் ராணி திரைக்குப் பின்னாலிருந்து. "என் குழந்தை வாயில் அது வந்ததே சடைக்கா, அதற்கு என்ன சொல்கிறாய்?"

சடைக்கனின் சிரிப்பு நின்றது. "தப்பு எங்கள் மேல்தான், தாயே. வயிறெரியும்போது வருகிற வார்த்தையை எந்தச் சட்டத்தாலும் நிறுத்த முடியாது. ஆனால் குழந்தை காதில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். கூடத்தில் எல்லாரும் ஆடட்டும், அங்கே நாக்கு அடங்கியிருக்கட்டும். தோட்டத்துக்கு அந்தப் பக்கம், லாயத்தை ஒட்டி ஓர் அறை சும்மாதானே கிடக்கிறது? அது பெரியவர்களுக்கு மட்டும். கதவில் ஒரு மிளகாய்ச் சரத்தைத் தொங்கவிடுவோம். உள்ளே போகிறவன் தெரிந்தேதான் போகிறான்."

ராணிக்கு அது பிடித்திருந்தது. பழைய சட்டம் கிழிந்தது. சடைக்கனுக்கு ஒரு ஜோடித் தங்கக் காப்பு கிடைத்தது. தினமும் காலையில் கதவில் புது மிளகாய்ச் சரம் கட்டும் பொறுப்பு மந்திரிக்குக் கிடைத்தது.

மறுநாள் கூடத்தில் ராணி, இளவரசி, சடைக்கன், ராஜா நாலு பேரும் ஆட உட்கார்ந்தார்கள். ராஜாவின் காய் பழுக்கப் போகிற சமயம். இளவரசி இரண்டு கையாலும் சோழிகளை அள்ளிப் போட்டாள். வெட்டு! கைதட்டிக் குதித்தாள்.

ராஜாவின் முகம் சிவந்தது. மீசை துடித்தது. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். தோட்டத்தைக் கடந்து, மிளகாய்ச் சரத்தை விலக்கி உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டார்.

லாயத்திலிருந்த குதிரைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் கனைத்தன.

கதவு திறந்தது. ராஜா அமைதியே உருவாகத் திரும்பி வந்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, மகளின் கன்னத்தைத் தட்டினார்.

"வெட்டினால் இன்னொரு ஆட்டம் உண்டல்லவா? போடு கண்ணே."