வெண்ணெய் என்ற முயலும் அரண்மனை நாற்றமும்

வெண்குன்றபுரி அரண்மனையில் திடீரென்று ஒரு நாற்றம் கிளம்பியது. லேசுப்பட்ட நாற்றம் இல்லை ஐயா, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வைக்கிற நாற்றம். ராணி செண்பகவல்லி ஆசையாக வளர்த்த முயலிடமிருந்துதான் அது வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்ததால் அதற்கு வெண்ணெய் என்று பெயர். ராணிக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி.

பிரதானி வில்வராயருக்கோ அதைக் கண்டாலே ஆகாது. அவருடைய புதுப் பட்டுச் சால்வையை ஒருநாள் அது கடித்துக் குதறிவிட்டது. முயலைத் தினமும் பன்னீரில் குளிப்பாட்டச் சொன்னவர் அவர்தான். குளிப்பாட்டினார்கள். முயல் வெடவெடவென்று நடுங்கி மூலையில் சுருண்டதுதான் மிச்சம். நாற்றத்தோடு பன்னீர் வாசமும் சேர்ந்துகொண்டு குமட்டியது.

எல்லாரையும்விட அதிகமாக முகம் சுளித்தவர் மன்னர் உத்தம பூபதி. முயலைச் சமையற்கட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று வில்வராயர் மெல்ல அவர் காதில் போட்டார். ராணி அழுத அழுகையில் மன்னருக்கு மனசு கேட்கவில்லை. கடைசியில் சபையில் ஆணை போட்டார்.

"நாற்றத்துக்குக் காரணம் எதுவோ, அது பௌர்ணமியன்று பொழுது சாய்வதற்குள் கோட்டையை விட்டு வெளியேற வேண்டும். இது என் வாக்கு."

சபையில் ஆவுடைநம்பி என்றொரு புலவர் இருந்தார். வாயைத் திறந்தால் வம்பு. அவர் எழுந்தார்.

"காரணம் முயல் இல்லை, வேறு யாரோ என்றால்?"

"யாராக இருந்தால் என்ன? வெளியேற வேண்டியதுதான்" என்றார் மன்னர்.

நம்பி நேரே கூண்டுக்குப் போனார். முயலைத் தூக்கித் தலையை மோந்தார், காதை மோந்தார். ஒரு வாடையும் இல்லை. நாள் முழுக்கத் தன்னை நக்கி நக்கிச் சுத்தம் செய்துகொள்கிற பிராணியாயிற்றே! பின்பக்கம் மோந்தார். அப்பப்பா! ரோமத்தில் பிசுபிசுவென்று கழிச்சல் அப்பியிருந்தது. புல் தின்கிற முயலுக்குப் புழுக்கை மிளகு மாதிரி உருண்டு விழும். இது எதையோ கண்டதைத் தின்றிருக்கிறது. முயலின் மீசையைத் தடவிப் பார்த்தார். வெல்லப் பிசுக்கு.

நம்பி ராணியிடம் போய், முயலை உங்கள் அறையிலேயே வையுங்கள், வேறு யாரும் கிட்டே வரக்கூடாது என்றார். புல்லைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது, ஈரமான வைக்கோலை அன்றன்றே மாற்ற வேண்டும், குளிப்பாட்டவே கூடாது, பின்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். ராணி அப்படியே செய்தாள்.

பௌர்ணமி வந்தது. நம்பி முயலோடு சபைக்கு வந்தார். மன்னர் மோந்து பார்த்தார். நாற்றமே இல்லை. இன்று இல்லாவிட்டால் நாளை நாறும் என்று வில்வராயர் முணுமுணுத்தார்.

"யாரால் நாறியது என்று முயலே சொல்லட்டும்" என்று நம்பி அதைத் தரையில் விட்டார்.

வெண்ணெய் தத்தித் தத்திப் போனது. வில்வராயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிம்மாசனப் படியேறி, மன்னருக்கு எதிரே பின்னங்காலில் நின்று, அவர் மடியை முகர்ந்தது. மன்னர் பதறி அதைத் தள்ளினார். மடியிலிருந்து ஓர் அதிரசம் உருண்டு விழுந்தது.

சபையே திகைத்தது. ராணி எழுந்துவிட்டாள். இனிப்பைத் தொடவே கூடாது என்று வைத்தியர் மன்னருக்குக் கண்டிப்பாகச் சொல்லி இருந்தார்.

மன்னர் அசடு வழிந்தார். "நான் தின்னும்போது எதிரே வந்து நிற்கும். பார்க்க வைத்துக்கொண்டு எப்படித் தின்பது? பாதி கொடுப்பேன்."

"அந்தப் பாதிதான் அதன் வயிற்றைக் கெடுத்தது மகாராஜா" என்றார் நம்பி. "பொழுது சாயப் போகிறது. வாசலில் பல்லக்கு நிற்கிறது."

வில்வராயருக்கு வியர்த்துவிட்டது. மன்னரோ வயிறு குலுங்கச் சிரித்தார். வாக்கும் தவறக் கூடாது, தானும் ஊரில் இருக்க வேண்டும், வழி சொல்லும் என்று நம்பியிடம் கெஞ்சினார்.

"காரணம் தாங்கள் இல்லை, அதிரசம்தான். அது வெளியேறினால் போதும். மிச்சம் எங்கே இருக்கிறது?"

மன்னர் ராணியைப் பார்க்காமலே சொன்னார். "கட்டிலுக்கு அடியில். ஒரு பானை நிறைய."

பானை வந்தது. நம்பி அதைப் பல்லக்கில் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார். மன்னருக்குச் சந்தேகம் வந்தது.

"கோட்டைக்கு வெளியே எங்கே கொண்டுபோகிறீர், நம்பி?"

"என் வீடு கோட்டைக்கு வெளியேதானே இருக்கிறது மகாராஜா!"